பெரியதற்கும் சிறியதற்கும் நடுவே: கண்ணின் இடக்கணிப்பு எவ்வளவு சாய்கிறது என்பதை வீட்டிலேயே அளந்தறியும் வழிகாட்டி

இரண்டு பொருள்களுக்கு நடுவில் ஒரு புள்ளியைக் கண்ணளவாக வைக்கும்படி கேட்டால், அவ்விரு பொருள்களும் ஒத்த பருமனுடையனவாக இருக்கும்வரை பெரும்பாலானோர் ஓரளவு சரியாகவே வைத்துவிடுவார்கள். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் ஆனவுடன் அந்தக் கணிப்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்குகிறது. இந்தச் சாய்வுக்குத் திசை உண்டு, அளவு உண்டு. ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப அளந்தால் ஏறக்குறைய அதே திசையில் வரும் தன்மையும் உண்டு. ஆகவே இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் மாணவர் ஒருவர் இதனை முறைமையான வழு என்று உடனே இனங்காண்பார். ஆயினும் மானியின் பூச்சிய வழுவைப் போல ஒரே தடவையில் வாசித்துக் கழித்துவிட முடியாதபடி, இதனுடன் பார்ப்பவரின் சொந்தச் சாய்வும் காகித விளிம்பின் செல்வாக்கும் கலந்தே வருகின்றன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தேடும் மாணவர்கள், பெயர்ப்பலகை எழுதுவோர், மேசன் வேலை செய்வோர், வீட்டுச் சுவரில் படம் மாட்டுவதற்கு அரை நாளைச் செலவிடுவோர் ஆகிய அனைவருக்கும் இது பயன்படும். தேவையான பொருள்கள் யாவும் யாழ்ப்பாண நகரில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைப்பவை.

முன்னர் அறியப்பட்டவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உளவியல் ஆய்வுகூடங்கள் தோன்றிய காலத்தில், கண் ஏமாறும் விதங்களை அளப்பது ஒரு முக்கிய ஆய்வுத்துறையாக இருந்தது. பெல்ஜிய அறிஞர் யோசப் டெல்பூஃப் 1865இல், ஒரு வட்டத்தைச் சுற்றி வேறொரு வட்டம் வரையப்பட்டால் உள்வட்டத்தின் தோற்றப் பருமன் மாறுவதை விளக்கினார். அம்புத் தலைகளின் திசைக்கேற்பக் கோட்டின் நீளம் மாறித் தோன்றுவதை மியூலர்-லையர் 1889இல் வெளியிட்டார். பெரிய வட்டங்களால் சூழப்பட்ட வட்டம் சிறிதாகவும், சிறிய வட்டங்களால் சூழப்பட்ட அதே வட்டம் பெரிதாகவும் தெரியும் படம் எபிங்கவுஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்குகிறது. இன்று இணையத்தில் மிக அதிகம் பகிரப்படுவனவற்றுள் அதுவும் ஒன்று.

இவை யாவும் பருமனையோ நீளத்தையோ பற்றியவை. பருமனின் வேறுபாடு இடத்தைப் பற்றிய கணிப்பையும் குழப்புகிறதா என்ற கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மார்க் போல்ட்வின். வெவ்வேறு பருமனுள்ள சதுரங்களுக்கு இடையே நடுப்புள்ளியைக் கண்டறியும் பரிசோதனையைப் பற்றிய அவருடைய கட்டுரை, பிரின்ஸ்டன் ஆய்வுகூடத்தின் ஆய்வுத் தொடரில் 1895இல் வெளிவந்தது. இரு பெரிய பெட்டிகளுக்கு இடைப்பட்ட கோடு, அதே நீளமுடையதாயினும், இரு சிறிய பெட்டிகளுக்கு இடைப்பட்ட கோட்டைவிடக் குறுகித் தோன்றும் படம் இன்றும் அவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது.

எந்தப் பக்கமாகச் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாமல் அளந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம், இங்கே எதிரெதிரான இரண்டு போக்குகள் செயற்படுவதுதான். முதலாவது ஒப்பீட்டு விளைவு. பெரிய பொருளை ஒட்டிய வெளி, அந்தப் பெரிய பொருளோடு ஒப்பிடப்பட்டுக் குறுகியதாகத் தெரியும்; அப்படியானால் உண்மையான நடுப்புள்ளி பெரியதற்கு நெருங்கி நிற்பதாகத் தோன்றும்; பார்ப்பவர் அதனைச் சரிசெய்யப் புள்ளியைச் சிறியதன் பக்கம் தள்ளுவார். இரண்டாவது மைய இழுப்பு. கண் ஒரு பொருளின் ஓரத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்காமல், அதன் முழு உருவத்தின் மையத்தையும் சேர்த்தே இடமாகக் கொள்கிறது. பெரிய சதுரத்தின் மையம் அதன் உள் ஓரத்திலிருந்து அதிக தூரத்தில் இருப்பதால், மையங்களுக்கு இடையிலான நடு பெரியதன் பக்கம் நகர்ந்துவிடும். நீங்கள் அளக்கும் எண், இந்த இரண்டில் எது எவ்வளவு முந்தியது என்பதன் மீதி. இடைவெளியையும் பருமனையும் மாற்றினால் அந்த மீதியும் மாறக்கூடும். எனவே ஒரேயொரு படத்தைக் காட்டி ‘கண் இப்படித்தான் ஏமாறும்’ என்று முடித்துவிடும் காணொளிகள் விடயத்தின் பாதியைக்கூடச் சொல்வதில்லை என்பதே என் எண்ணம்.

அட்டைகளைத் தயாரித்தல்

கணினித் திரையையோ கைத்தொலைபேசியையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். திரையின் சட்டமே ஒரு பெரிய சூழ்பொருளாகிவிடும்; போதாததற்கு, படம் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அளவு மாறும். வெள்ளை நிறப் பிறிஸ்டல் போட் அட்டையும் கறுப்புத் தாளும் இதைவிட நம்பகமானவை.

பிறிஸ்டல் போட்டிலிருந்து ஏ4 அளவுக்கு, அதாவது 297 மி.மீ. நீளமும் 210 மி.மீ. உயரமுமாக, நான்கு அட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நீளப்பக்கத்துக்குச் சமாந்தரமாக, சரியாக நடு உயரத்தில், 120 மி.மீ. நீளமும் 3 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு பிளவை அடிமட்டத்தின் துணையோடு கூரிய கத்தியால் வெட்டுங்கள். பிளவின் இரு முனைகளையும் தொட்டவாறு, பிளவுக்கு மேலும் கீழும் சம அளவில் நீளும்படி, கறுப்புத் தாளில் வெட்டிய சதுரங்களை ஒட்ட வேண்டும். இரண்டு அட்டைகளில் ஒரு முனையில் 40 மி.மீ. பக்கமுள்ள சதுரமும் மறு முனையில் 10 மி.மீ. பக்கமுள்ள சதுரமும் வரட்டும். மூன்றாவது அட்டையில் இரு முனைகளிலும் 10 மி.மீ. சதுரங்கள். நான்காவதில் இரு முனைகளிலும் 40 மி.மீ. சதுரங்கள்.

பிளவு அட்டையின் நீளத்தில் எங்கே அமைய வேண்டும் என்பதில்தான் பலருடைய பரிசோதனை பிழைத்துப் போகிறது. பிளவின் நடுவும் அட்டையின் நடுவும் ஒன்றாக அமைந்துவிட்டால், பார்ப்பவர் சதுரங்களைப் பாராமல் அட்டையின் இரு விளிம்புகளை வைத்தே நடுவைக் கண்டுபிடித்துவிடுவார். தான் அப்படிச் செய்கிறார் என்பது அவருக்கே தெரியாது. சூழ்பொருளின் செல்வாக்கை அளக்கப் புறப்பட்டவர், எல்லாவற்றிலும் பெரிய சூழ்பொருளாகிய அட்டையை மறந்துவிடக் கூடாது. ஆகவே பிளவின் நடுவை அட்டையின் நடுவிலிருந்து 25 மி.மீ. தள்ளி அமையுங்கள். ஆனால் பருமன் வேறுபட்ட இரண்டு அட்டைகளில் ஒன்றில் அது பெரிய சதுரத்தின் பக்கமாகவும், மற்றதில் சிறிய சதுரத்தின் பக்கமாகவும் தள்ளியிருக்க வேண்டும். இரண்டையும் சம எண்ணிக்கையில் பயன்படுத்தும்போது, அட்டை விளிம்பின் இழுப்பு ஒன்றையொன்று பெருமளவுக்கு நீக்கிவிடும். ஒரே சதுரங்களுள்ள அட்டைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஓர் அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாலே தள்ளல் மறுபக்கம் போய்விடும்.

பிளவின் பின்னால் ஓடுவதற்கு ஒரு நாடா தேவை. அட்டையைவிட 150 மி.மீ. அளவில் நீளமாக, 25 மி.மீ. அகலத்தில் வெள்ளைத் தாளை இரட்டையாக ஒட்டி வெட்டிக்கொண்டால் போதும். அதன் முகப்பில் கூர்மையான பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு. பின்புறத்தில் அதே இடத்துக்கு நேராக இன்னொரு கோடு. முகப்புக் கோட்டை நாடாவின் நடுவில் போடக் கூடாது; போட்டால் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளின் நீளத்தை ஒப்பிட்டே விடையைச் சொல்லிவிடலாம். நாடா சாயாமல் ஓடுவதற்கு, அட்டையின் பின்புறத்தில் பிளவுக்கு மேலும் கீழும் இரண்டு தாள் பட்டிகளை வழிகாட்டிகளாக ஒட்டுங்கள். வழிகாட்டிப் பட்டியின் மேல் மில்லிமீற்றர்த் தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டை ஒட்டினால் அளவுத்திட்டமும் ஆயிற்று. அதன் பூச்சியம் பெரிய சதுரத்தின் உள் ஓரத்துக்கு நேராக அமைய வேண்டும். அட்டையைப் பின்புறமிருந்து பார்க்கும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். அந்தக் குழப்பம் நேராமல் இருக்கப் பெரிய சதுரத்தின் பின்னால் ‘பெ’ என்று எழுதி, எப்போதும் அந்த ஓரத்திலிருந்தே தூரத்தை வாசியுங்கள். ஒரே சதுரங்களுள்ள அட்டைகளில் விருப்பமான ஒரு முனைக்கு ‘பெ’ என்று குறித்தால் போதுமானது.

பேனையால் நேரடியாகக் குற்று வைக்கச் சொல்வது எளிதுதான், ஆனால் எழுதும் கை ஒரு பக்கத்துச் சதுரத்தை மறைத்துவிடும். மேலும் கண் சொல்வதும் கை செய்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எபிங்கவுஸ் படத்தைத் தட்டுகளால் அமைத்து, நடுத்தட்டை விரல்களால் பிடிக்கச் செய்தபோது, விரல்களின் விரிவு கண்ணைப் போல ஏமாறவில்லை என்று அக்லியோட்டி, டிசூசா, குட்டேல் ஆகிய மூவரும் 1995இல் எழுதினார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் அளவிடும் முறைகளைச் சமப்படுத்திப் பார்த்து அதனை மறுத்தார்கள். அந்த விவாதத்துக்குள் நாம் நுழையத் தேவையில்லை. நாடா முறையில் கோட்டை நகர்த்துபவர் உதவியாளர். பார்ப்பவர் ‘இன்னும்’, ‘போதும்’ என்று சொல்லுபவர் மட்டுமே. கையின் பங்கு அதனோடு நீங்கிவிடுகிறது.

இருத்துதலும் சொல்லிக்கொடுத்தலும்

அட்டையைச் சுவரோரம் நிமிர்த்தி, பார்ப்பவரின் கண் மட்டத்தில், கண்ணிலிருந்து 57 செ.மீ. தூரத்தில் வையுங்கள். இந்தத் தூரத்தைத் தெரிவுசெய்வதற்கு ஒரு வசதி உண்டு: அங்கே 1 செ.மீ. நீளம் கண்ணில் ஏறத்தாழ 1 பாகை கோணத்தை அமைக்கும். எனவே நமது பிளவு ஏறக்குறைய 12 பாகை. பெரிய சதுரம் 4 பாகை. சிறியது 1 பாகை. அட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளைத் தாளைத் தொங்கவிடுவது நல்லது. சுவரில் நாட்காட்டியோ கடிகாரமோ இருந்தால் கழற்றிவிடுங்கள். யன்னல் ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் கண்ணை இழுக்கும். வெளிச்சம் பார்ப்பவரின் முதுகுப்புறத்திலிருந்தோ மேலிருந்தோ வரட்டும்.

அடுத்தது சொற்கள். ‘இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்’ என்று மட்டும் சொன்னால், ஒருவர் உள் ஓரங்களுக்கு இடைப்பட்ட நடுவைத் தேடுவார், இன்னொருவர் சதுரங்களின் மையங்களுக்கு இடைப்பட்ட நடுவைத் தேடுவார். நமது அட்டையில் இவ்விரண்டுக்கும் 7.5 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது, அளக்கப்போகும் திரிபைவிட இது பெரிதாகவே இருக்கக்கூடும். ஆகவே எல்லோருக்கும் ஒரே வாசகத்தைச் சொல்லுங்கள். அயலவர்களை இருத்திச் செய்வதானால் பேச்சுத் தமிழிலேயே சொல்வது நல்லது: “இந்த ரெண்டு கறுப்புப் பெட்டியையும் விடுங்கோ. அதுகளுக்கு இடையில இருக்கிற வெறும் இடத்தின்ர நடுவுக்குக் கோடு வந்தவுடன நிப்பாட்டச் சொல்லுங்கோ.” சொன்ன பிறகு, அவர் விளங்கிக்கொண்டதை விரலால் காட்டச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘பெரியது பக்கம் இழுக்குதோ பாப்பம்’ என்று உதவியாளர் வாய்தவறிச் சொன்னாலும் அந்த ஆளிடம் எடுத்த அளவுகள் பயனற்றுப் போகும்.

அளவுகளை எடுத்தல்

ஒவ்வோர் அட்டையையும் நேராக ஒரு தடவையும், தலைகீழாகத் திருப்பி ஒரு தடவையும் காட்ட வேண்டும். திருப்பும்போது பெரிய சதுரம் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்குப் போகிறது. வெட்டியதில் நேர்ந்த சிறு பிசகுகளோ அதே சதுரத்தோடு ஒட்டியபடியே போகின்றன. இந்த ஒரு செயலில்தான் பரிசோதனையின் உயிர் இருக்கிறது. கோட்டை நகர்த்தத் தொடங்கும் முனையும் மாற வேண்டும். இடமிருந்து வரும் கோட்டைச் சிலர் சற்று முந்தியே நிறுத்துவார்கள், சிலர் தாண்டவிட்டு நிறுத்துவார்கள். இரு முனைகளிலிருந்தும் சம எண்ணிக்கையில் தொடங்கினால் அது சராசரியில் கரைந்துவிடும்.

நான்கு அட்டைகள், இரு நிலைகள், இரு தொடக்க முனைகள் என்று மொத்தம் 16 அளவுகள் ஒரு சுற்றுக்கு வரும். ஓர் ஆளிடம் இரண்டு சுற்றுகள் எடுங்கள். ஒழுங்கு எழுமாற்றாக இருக்க வேண்டும் என்பதால், 16 துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுப்பதே மிக எளிய வழி. ஒவ்வோர் அளவுக்கும் பிறகு விடை சரியா பிழையா என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்ததில் அவர் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்குவார். கண் களைத்தால் இடையில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுத் தொடரலாம். அவசரப்படுத்துவதால் எந்த நன்மையும் இல்லை.

கணக்கு

ஒவ்வோர் அளவிலும் ‘பெ’ முனையிலிருந்து கோடு நின்ற தூரத்தை எடுத்து, அதிலிருந்து 60ஐக் கழியுங்கள். விடை நேராக (+) வந்தால் கோடு சிறிய சதுரத்தின் பக்கம் தள்ளி நின்றிருக்கிறது; மறையாக (−) வந்தால் பெரியதன் பக்கம். பெரிய சதுரம் இடப்புறம் இருந்த அளவுகளின் இடையையும் (சராசரியையும்), வலப்புறம் இருந்தவற்றின் இடையையும் தனித்தனியே கணியுங்கள்.

கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். பெரியது இடப்புறம் இருந்தபோது இடை தூரம் 61.9 மி.மீ., அதாவது விலகல் +1.9. வலப்புறம் இருந்தபோது 63.1 மி.மீ., அதாவது +3.1. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2.5 வரும், சதுரங்களின் பருமன் வேறுபாடு நடுப்புள்ளியைச் சிறியதன் பக்கம் 2.5 மி.மீ. நகர்த்தியிருக்கிறது என்பது அதன் பொருள். பிளவின் நீளத்தோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 2 சதவீதம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால் −0.6 வரும், அது சதுரங்களோடு தொடர்பற்ற, பார்ப்பவரின் சொந்தச் சாய்வு. மறைக்குறி இடப்புறத்தைக் காட்டுகிறது. நலமான கண்ணும் மூளையும் உடையோரும் ஒரு கோட்டின் நடுவைக் குறிக்கும்போது சராசரியில் சிறிதளவு இடப்புறம் சாய்வது நன்கு அறியப்பட்ட ஒன்று; போவர்ஸ், ஹைல்மன் ஆகிய இருவரும் 1980இல் அதனைத் தொடுகையால் நடுவைக் கண்டறியும் முறையில் ஆராய்ந்தார்கள். திருப்பிப் பார்க்காமல் ஒரே நிலையில் மட்டும் அளந்திருந்தால், இந்த 0.6ஐயும் சதுரங்களின் தலையில் கட்டியிருப்போம்.

ஒரே சதுரங்களுள்ள அட்டைகள் கட்டுப்பாட்டுக்கானவை. அவற்றுக்கும் இதே கணக்கைச் செய்தால், முதல் விடை பூச்சியத்துக்கு அண்மையாகவும் இரண்டாவது விடை −0.6க்கு அண்மையாகவும் வர வேண்டும். முதல் விடை பூச்சியத்திலிருந்து நன்றாக விலகினால், அட்டை சரியாக வெட்டப்படவில்லை, அல்லது அளவுத்திட்டத்தின் பூச்சியம் நகர்ந்திருக்கிறது, அல்லது அட்டை விளிம்பின் இழுப்பு அதில் கலந்திருக்கிறது. கண்ணைக் குறைசொல்லும் முன் கத்தியைப் பாருங்கள்.

கிடைத்த 2.5 நம்பத்தக்கதா என்பதை நியம விலகலைக் கொண்டு, அதாவது அளவுகள் தம் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் கொண்டு, தீர்மானிக்கலாம். ஒரே நிலையில் எடுத்த எட்டு அளவுகளின் நியம விலகல் 1.5 மி.மீ. என்றால், அதனை 8இன் வர்க்கமூலத்தால் வகுக்க இடையின் நியம வழு (அந்த இடை எவ்வளவு தளம்பக்கூடும் என்பதன் அளவு) ஏறத்தாழ 0.53, இரு நிலைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்த விடைக்கு அது ஏறத்தாழ 0.4 ஆகக் குறையும். 2.5 என்பது அதன் ஆறு மடங்கு. அது தற்செயலாக வந்ததென்று எவரும் வாதிட மாட்டார்கள். விடை 0.5ஆகவும் வழு 0.4ஆகவும் இருந்தால் எதையும் முடிவாகச் சொல்லாமல் இன்னும் அளவுகளை எடுக்க வேண்டும். கண்காட்சி மேசையில் இப்படி ஒரு விடையை அப்படியே காட்டும் மாணவரைத்தான் நான் அதிகம் மதிப்பேன்.

எந்தப் போக்கு முந்துகிறது என்று பிரித்தறிதல்

உங்கள் விடை நேராக வந்தால் ஒப்பீட்டு விளைவு முந்தியிருக்கிறது. மறையாக வந்தால் மைய இழுப்பு. ஆனால் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. அடுத்த கட்டமாக, சிறிய சதுரத்தை 10 மி.மீ.யிலேயே வைத்துக்கொண்டு பெரிய சதுரத்தை மட்டும் 20, 30, 40, 50 மி.மீ. என மாற்றிய அட்டைத் தொகுதியொன்றைச் செய்யுங்கள். மைய இழுப்பு மட்டுமே செயற்படுமானால், மையம் நகரும் அளவுக்கு ஏற்ப விடையும் ஒரே சீராக மறைப்பக்கம் வளர வேண்டும். வரைபில் அது ஏறத்தாழ நேர்கோடாக விழும். ஒப்பீட்டு விளைவு அப்படிச் சீராக வளரத் தேவையில்லை. டெல்பூஃபின் வட்டங்களில் வெளிவட்டம் சற்றே பெரிதாக இருக்கும்போது உள்வட்டம் பெரிதாகத் தெரிகிறது. வெளிவட்டம் மிகப் பெரிதானபோதோ அதே உள்வட்டம் சிறிதாகத் தெரிகிறது. பருமன் வேறுபாட்டோடு திசையே தலைகீழாகும் இப்படியொரு நடத்தை உங்கள் வரைபிலும் தென்படுகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வழி, சதுரங்களைப் பிளவின் முனையிலிருந்து பிரிப்பது. பிளவின் முனைகளை மெல்லிய கோடுகளால் குறித்து, சதுரங்களை 15 மி.மீ. அப்பால் ஒட்டினால், முனை எது என்பதில் மயக்கமில்லை. மைய இழுப்பின் ஒரு பகுதி, முனையையும் சதுரத்தையும் கண் ஒன்றாகக் கலந்து எடுப்பதால் வருவது. பிரித்தவுடன் அது தளர வேண்டும். கறுப்பு நிரப்பிய சதுரங்களுக்குப் பதிலாக வெளிக்கோடு மட்டுமுள்ள சதுரங்களைப் பயன்படுத்தியும் பார்க்கலாம்.

அட்டையை நிலைக்குத்தாகத் திருப்பி, சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் பரிசோதனை வேறு கதை. அங்கே பார்ப்பவரின் சொந்தச் சாய்வு மேல்நோக்கி இருக்கும். அச்செழுத்துகளில் 8இன் மேல் வளையம் கீழ் வளையத்தைவிடச் சிறிதாக வார்க்கப்படுவது இதனாலேயே. அச்சடித்த தாள் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தால் தெரிந்துவிடும். கணக்கு முறை மாறாது.

வெளியே சென்று இயற்கைக் காட்சியில் இதைச் செய்யும் ஆசை பலருக்கு எழும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டை, இரு கரைகளுக்கும் நடுவிலா அல்லது ஒன்றுக்கு அண்மையிலா என்று இறங்குதுறையில் நின்று விவாதிப்பது சுவையான பொழுதுபோக்கு. ஆனால் அங்கே தூரம், நிற்கும் இடம், கரையோர மரங்களின் உயரம் ஆகிய எல்லாமே ஒன்றாகக் கலந்திருப்பதால் பருமனின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை.

பார்ப்பவருக்கு நேரே எது என்ற கேள்வி

இதுவரை இரு பொருள்களுக்கு இடையிலான நடுவைப் பார்த்தோம். சுற்றியிருக்கும் சட்டம் பார்ப்பவரின் சொந்த நடுக்கோட்டையே நகர்த்திவிடும் என்பதை நெதர்லாந்தின் ரூலொஃப்ஸ் 1935இல் விளக்கினார். இருளில் ஒளிரும் பெரிய சட்டமொன்றை ஒருவருக்கு முன்னால் சற்று வலப்புறம் தள்ளி வைத்தால், தனக்கு நேரெதிரே இருக்கும் இடமும் வலப்புறம் நகர்ந்துவிட்டதாக அவர் உணர்கிறார். அதனால் சட்டத்துக்குள் உண்மையில் நேராக இருக்கும் புள்ளி இடப்புறம் தள்ளி இருப்பதாகத் தெரிகிறது. இரவில் மின்சாரம் நின்ற வேளையில், இருளில் ஒளிரும் ஒட்டுத்தாள்களை அட்டைச் சட்டமொன்றின் நான்கு ஓரங்களிலும் ஒட்டி இதனைப் பார்க்கலாம். வெளிச்சமான அறையில் மூக்கும் மேசையும் சுவர்மூலைகளும் கண்ணுக்கு வேறு பிடிகளைக் கொடுத்துவிடுவதால் விளைவு தளர்ந்துவிடும்.

வேலையில் பயன்படுத்துதல்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் வாகனம் போகும் பெரிய படலையும் ஆட்கள் போகும் சின்னப் படலையும் ஒரே மதிலில் அருகருகே அமைகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட மதில்துண்டில் வீட்டுப் பெயர்க்கல்லைப் பதிக்கும்போது, மேசனார் நூல் பிடித்து நடுவைக் குறிப்பார். வீட்டுக்காரர் வீதிக்கு அப்பால் நின்று ‘கல் ஒரு பக்கமாகப் போயிட்டுது’ என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. இங்கே என் தீர்ப்பு மேசனாரின் பக்கம். கல்லுக்கு இரு புறமும் நேர்கோட்டு ஓரங்கள் இருப்பதால், ஒரு விரற்கடை வித்தியாசத்தைக்கூடக் கிட்ட நின்று பார்ப்பவர் உடனே கண்டுகொள்வார். வீதியிலிருந்து தெரியும் சாய்வை எவரும் இரண்டாம் தடவை கவனிப்பதில்லை. தரைஓடு, யன்னல், மின்விளக்குப் பொருத்தி போன்ற, அருகில் இன்னொரு நேர்கோடு ஒப்பீட்டுக்கு நிற்கும் எல்லா வேலைக்கும் நூலும் அளவு நாடாவுமே இறுதித் தீர்ப்பு.

மேடை அலங்காரம் இதற்கு எதிர்மாறானது. ஒரு பக்கம் ஆளுயரக் குத்துவிளக்கும் மறுபக்கம் தாழ்ந்த பூந்தட்டும் இருக்க, நடுவில் நிறைகுடம் வைப்பதானால், அதனை அளந்து வைத்து என்ன பயன்? சபையினர் எவரும் அளவு நாடாவோடு வருவதில்லை. சபையின் நடுவில் ஓர் ஆளை இருத்தி, அவர் சொல்லும் இடத்தில் வையுங்கள். பின்னர் கைத்தொலைபேசியில் படமெடுத்து, அதனை இடம்வலமாகப் புரட்டிப் பாருங்கள். புரட்டிய படத்திலும் நடுவாகத் தெரிந்தால் அது நிற்கட்டும். மறுபக்கமாகத் தள்ளித் தெரிந்தால், இருத்திய ஆளின் சொந்தச் சாய்வு அதில் கலந்திருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

பெயர்ப்பலகை எழுதுவோருக்கு நமது எழுத்துகளே பரிசோதனைக்கூடம். ‘ண்’ என்ற எழுத்தில் சுழிகள் இடப்புறம் நெருங்கியும் வலப்புறம் நேர்க்கோடாகவும் இருக்கின்றன. குற்றை எழுத்தின் முழு அகலத்துக்கு நடுவே அளந்து வைத்தால் சிலருக்கு அது நடுவில் இல்லாதது போலப் படும். ‘ர்’ போன்ற ஒடுங்கிய எழுத்தில் இந்தத் தொல்லை குறைவு. எழுத்தைப் பென்சிலால் வரைந்து, குற்றைத் தனியே வெட்டிய சிறு தாள்வட்டமாக மேலே நகர்த்திப் பார்த்து, பலகையைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை நகர்த்திப் பார்த்து, இரண்டு இடங்களுக்கும் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் அந்தத் தள்ளலை ஒரு தடவை கண்டுபிடித்து அச்சுத்தகட்டில் வெட்டிவிட்டால், அதே எழுத்துருவில் எழுதும் எல்லாப் பலகைக்கும் அது செல்லும். எழுத்தின் பருமன் மாறும்போது தள்ளலையும் அதே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ, பலகை தொங்கப்போகும் உயரத்துக்கு ஏற்றிக் கீழிருந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.